எஸ்டி கார்டு முதல் எஸ்எஸ்டி வரை: ஃபிளாஷ் ஸ்டோரேஜுக்கு ஃபைல் சிஸ்டத்தைச் சரியாக அமைக்க முழுமையான வழிகாட்டி

எஸ்எஸ்டியை வேகமாக்க, மெமரி கார்டின் ஆயுளைக் கூட்ட என்று இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் குறிப்புகளில் நிறைய, 2010 வாக்கில் யாரோ எழுதி, அதற்குப் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடித்துக்கொண்டே வருபவை. எழுதிய காலத்தில் அவை சரிதான். இப்போது அவற்றில் பலவற்றை லினக்ஸும் விண்டோஸும் கேட்காமலேயே செய்துவிடுகின்றன, ஒன்றிரண்டு நேரடியாகக் கெடுதலே செய்யும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் லினக்ஸை வைத்துத்தான், விண்டோஸுக்குத் தேவையானது கொஞ்சம்தான், அதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) போடுகிறோம் என்பதை விட, எந்த நிரல் எத்தனை முறை, எவ்வளவு சின்னச் சின்னத் துண்டாக எழுதுகிறது என்பதுதான் ஃபிளாஷின் வேகத்தையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் மவுன்ட் ஆப்ஷன்களை (டிஸ்கை இணைக்கும்போது தரும் அமைப்புகளை) மாற்றிக்கொண்டே இருந்தால் பெரிய பலன் கிடைக்காது.

பார்ட்டிஷன், ஃபார்மட் என்று வரும் எந்தப் படிக்கும் முன்னால் பேக்கப் எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தச் சாதனங்களில் தரவைத் தாங்கும் சிப் வகையான நேண்ட் ஃபிளாஷில் எழுதுவது பேஜ் அளவில் நடக்கும், அழிப்பது பிளாக் அளவில் நடக்கும். ஒரு பேஜ் பொதுவாக 4 முதல் 16 கேபி. ஒரு அழிப்பு பிளாக்கில் அப்படிப்பட்ட பேஜ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதனால் பிளாக்கின் அளவு பல எம்பி வரை போகும். ஏற்கெனவே எழுதிய பேஜின் மேல் திரும்ப எழுத முடியாது. நோட்டில் ஒவ்வொரு பக்கமாக எழுதலாம், ஆனால் அழிக்க வேண்டுமென்றால் முழு நோட்டையும்தான் அழிக்க முடியும் என்பது மாதிரி.

இந்தத் தொல்லையை மறைக்கத்தான் எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு, பென் டிரைவ், இஎம்எம்சி (கருவியின் பலகையிலேயே பொருத்திய ஃபிளாஷ்) எல்லாவற்றிலும் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. ஒரு கோப்பில் 4 கேபியை மாற்றினால், அது பழைய பேஜைச் செல்லாது என்று குறித்துவிட்டு, புதியதை வேறொரு காலி பேஜில் எழுதி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் திருத்திக்கொள்ளும். காலி பேஜ்கள் குறையும்போது, பாதி செல்லாத பேஜ்கள் உள்ள ஒரு பிளாக்கை எடுத்து, செல்லுபடியாகும் மீதியை வேறிடத்துக்கு நகலெடுத்து, பிறகு அந்த பிளாக்கை அழிக்கும். அந்த நகலெடுப்பும் எழுத்துதானே. நாம் 1 ஜிபி எழுதச் சொன்னால் உள்ளே 3 ஜிபி எழுதப்படுவது இப்படித்தான். இதை ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்பார்கள்.

ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று எல்லை உண்டு. டிஎல்சி ஃபிளாஷ் (ஒரு செல்லில் 3 பிட்) என்றால் சில ஆயிரம் முறை, க்யூஎல்சி (4 பிட்) என்றால் அதை விடக் குறைவு. நல்ல எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் கெட்டிக்காரத்தனமாகத் தேய்மானத்தை எல்லா பிளாக்குகளுக்கும் பரப்பிவிடும், அதனால் சாதாரணமாகப் பயன்படுத்துபவர் இந்த எல்லையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். மலிவான எஸ்டி கார்டில் இருப்பது மிக எளிமையான கன்ட்ரோலர், ரேமும் மிகக் கொஞ்சம். கீழே வரும் அறிவுரைகள் எஸ்எஸ்டியை விட எஸ்டி கார்டுக்கும் பென் டிரைவுக்கும்தான் அதிகம் பொருந்தும் என்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

கன்ட்ரோலர் உள்ள சாதனமா, இல்லை ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகளில் வரும் வெறும் நேண்ட் சிப்பா என்பதுதான் முதல் கேள்வி. லினக்ஸில் அந்தச் சாதனம் எம்டிடி என்ற பெயரில் தெரிந்தால் அது வெறும் சிப். அதற்கு யூபிஐஎஃப்எஸ் அல்லது பழைய ஜேஎஃப்எஃப்எஸ்2, இந்த ஃபைல் சிஸ்டங்கள்தான் சரி, ஏனென்றால் தேய்மானத்தைப் பரப்பும் வேலையை அங்கே மென்பொருளே செய்தாக வேண்டும். மறுபக்கம், எஸ்டி கார்டில் ஜேஎஃப்எஃப்எஸ்2 போடலாமா என்ற கேள்வி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வேண்டாம். கன்ட்ரோலர் ஏற்கெனவே செய்யும் வேலையை மேலே இன்னொரு முறை செய்வதில் பயனில்லை.

புதிதாக வாங்கிய கார்டு என்றால் அதன் கொள்ளளவு உண்மைதானா என்று எஃப்3 கருவியால் சோதித்துவிடுங்கள். 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், நிரம்பிய பிறகு எழுதியதெல்லாம் காணாமல் போகும். இந்த மாதிரிப் போலிக் கார்டுக்கு எந்த ஃபைல் சிஸ்டமும் உதவாது.

எஸ்டி கார்டை ஒரு சின்னக் கணினிக்கான சிஸ்டம் டிஸ்காகப் போடப் போகிறீர்கள் என்றால், மேலே ஏ1 அல்லது ஏ2 என்ற குறி இருக்கிறதா பாருங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எம்பி கணக்கு நீளமான கோப்பை வரிசையாகப் படிக்கும் அல்லது எழுதும் வேகம். ஏ1 என்பது விநாடிக்குக் குறைந்தது 1500 சிறு வாசிப்பு, 500 சிறு எழுதுதல். ஏ2 என்பது 4000, 2000. ஆனால் ஏ2வின் முழு வேகம் வர, கமாண்ட் க்யூ (பல கட்டளைகளை வரிசையில் வாங்கி வைப்பது) போன்ற வசதிகளைக் கார்டைப் பிடித்திருக்கும் கருவியும் ஆதரிக்க வேண்டும். ஆதரிக்காவிட்டால் கூடுதல் பணம் வீண்.

படி 2: எழுதுவது யார் என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 போட்டிருந்தால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் சிஸ் அடைவில் எஃப்எஸ், அதற்குள் எக்ஸ்ட்4, அதற்குள் உங்கள் பார்ட்டிஷன் பெயரில் ஒரு அடைவு. அங்கே லைஃப்டைம் ரைட் கேபைட்ஸ் என்ற கோப்பில், அந்த ஃபைல் சிஸ்டம் பிறந்ததிலிருந்து இன்று வரை எழுதப்பட்ட மொத்தம் கிலோபைட் கணக்கில் இருக்கும். இப்போது ஒரு முறை படித்து வையுங்கள், நாளை இதே நேரத்தில் இன்னொரு முறை. கழித்தால் ஒரு நாள் எழுத்து. சும்மா நிற்கும் கணினி ஒரு நாளில் பல ஜிபி எழுதியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

யார் என்று கண்டுபிடிக்க ஐஓடாப் கருவியை, கூட்டிக்கொண்டே போகும் முறையில் (மைனஸ் ஏ), வேலை செய்யும் ப்ராசஸ்களை மட்டும் காட்டச் சொல்லி (மைனஸ் ஓ) ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எந்தக் கோப்பு என்று தெரிய வேண்டுமானால் ஃபாட்ரேஸ். அது ஒவ்வொரு எழுத்துக்கும் ப்ராசஸின் பெயரையும் கோப்பின் பாதையையும் ஒரே வரியில் காட்டும், பத்து நிமிடம் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

சின்ன எழுத்து எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சென்சார் நிரல் விநாடிக்கு 100 பைட் கொண்ட ஒரு வரியைக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் (இப்போதே டிஸ்கில் எழுது என்ற கட்டளை) கூப்பிடுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86,400 வரி, மொத்தம் 8.6 எம்பிதான். ஆனால் எக்ஸ்ட்4 ஒவ்வொரு எஃப்சிங்குக்கும் 4 கேபி தரவு பிளாக் எழுதும், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பகுதி) ஒரு விவர பிளாக், ஐநோடு (கோப்பைப் பற்றிய குறிப்பு) இருக்கும் பிளாக்கின் நகல், முடிந்தது என்று சொல்லும் கமிட் பிளாக், இவை ஒவ்வொன்றும் 4 கேபி. ஆக 16 கேபி. நாளைக்கு 1.3 ஜிபிக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் கன்ட்ரோலரின் உள் நகலெடுப்பு இதில் சேரவில்லை. அதே நிரல் 60 விநாடித் தரவை ரேமில் சேர்த்து வைத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால், தடவைக்குத் தரவு 8 கேபி, ஜர்னல் 12 கேபி, நாளைக்கு 1440 தடவை: ஏறக்குறைய 30 எம்பி. ஒரே ஒரு நிரலில் சின்ன மாற்றம், எழுத்து நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. எந்த ஃபைல் சிஸ்டம் மாற்றமும் இந்த அளவு தராது. மின்சாரம் போனால் கடைசி ஒரு நிமிடத் தரவு போகும், அது பரவாயில்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 3: பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது

பழைய காலத்தில் பார்ட்டிஷன் 63வது செக்டரில் (ஒரு செக்டர் 512 பைட்) தொடங்கும். அப்படித் தொடங்கினால் ஃபைல் சிஸ்டத்தின் 4 கேபி பிளாக் ஒவ்வொன்றும் ஃபிளாஷின் எல்லைகளைத் தாண்டி விழும், ஒரு பேஜ் எழுத வேண்டிய இடத்தில் இரண்டைத் தொட வேண்டியிருக்கும். இன்றைய கருவிகள் எல்லாமே 2048வது செக்டரில், அதாவது 1 எம்பியில் தொடங்குகின்றன, எஸ்எஸ்டிக்கு அது போதும்.

எஸ்டி கார்டுக்கு மட்டும் 4 எம்பியில், அதாவது 8192வது செக்டரில் தொடங்குவது நல்லது. சிஸ் அடைவில் அந்தக் கார்டுக்கான இடத்தில் ப்ரிஃபர்டு இரேஸ் சைஸ் என்ற கோப்பு இருக்கும், கார்டு தனக்கு ஏற்றது என்று சொல்லும் அளவு அதில் பைட் கணக்கில் தெரியும். அதன் மடங்கில் தொடங்கினால் சரி. கேமராவிலோ போனிலோ போடப் போகும் கார்டு என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், எஸ்டி அசோசியேஷன் தரும் ஃபார்மேட்டர் நிரலை ஓட்டுங்கள், அது சரியான இடத்தில் தொடங்கிச் சரியான அளவில் ஃபார்மட் செய்துவிடும்.

எக்ஸ்ட்4இல் ஸ்ட்ரைட், ஸ்ட்ரைப் விட்த் என்று அழிப்பு பிளாக்குக்கு ஏற்ற எண்களைக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. செய்தால் கெடுதல் இல்லை, செய்யாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

ஒன்று மட்டும் செய்யத் தகுந்தது: கொள்ளளவில் பத்து சதவீதத்தைப் பார்ட்டிஷன் போடாமல் விட்டுவிடுவது. கன்ட்ரோலருக்கு அது கூடுதல் காலி இடம், குப்பை அள்ளும் வேலை சுலபமாகும். ஆனால் அந்த இடம் உண்மையிலேயே காலி என்று கன்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும், அதனால் பழைய டிஸ்க் என்றால் முதலில் பிளாக்டிஸ்கார்டு கட்டளையால் முழுவதையும் காலி செய்த பிறகு பார்ட்டிஷன் போடுங்கள். அந்தக் கட்டளை தவறான டிஸ்கின் மேல் ஓடினால் எல்லாம் போய்விடும், பெயரை இரண்டு முறை பாருங்கள்.

படி 4: எந்த ஃபைல் சிஸ்டம்

எக்ஸ்ட்4 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். பழகியது, உறுதியானது, கெட்டுப்போனால் சரிசெய்யும் கருவிகள் நன்றாக முதிர்ந்தவை.

எஃப்2எஃப்எஸ் என்பது சாம்சங்கில் உருவாகி 2013இல் லினக்ஸ் 3.8இல் சேர்ந்தது. கன்ட்ரோலர் உள்ள ஃபிளாஷுக்கென்றே எழுதப்பட்டது. சிதறிக் கிடக்கும் எழுத்துகளை வரிசையாக ஒரே ஓட்டத்தில் எழுதும் லாக் வடிவம், அடிக்கடி மாறும் தரவையும் மாறாத தரவையும் தனித்தனி இடத்தில் வைக்கும் பழக்கம், இரண்டும் சேர்ந்து மலிவான கார்டுகளில் சிறு எழுத்துகளைக் கண்கூடாக வேகப்படுத்தும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டேட்டா பார்ட்டிஷன் இதுதான். குறையும் உண்டு: தன் சுத்தம் செய்யும் வேலைக்காகக் கொஞ்சம் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டால் வேகம் படுத்துவிடும், பழுது பார்க்கும் கருவி எக்ஸ்ட்4இன் கருவி அளவுக்கு அடிபட்டுத் தேறியது அல்ல. எஸ்டி கார்டில் ஓடும் சின்னக் கணினிக்கு, டிஸ்கில் கால் பங்காவது காலியாக வைத்திருக்க முடியும் என்றால், நான் எஃப்2எஃப்எஸ் போடுவேன். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் அதற்காக மெனக்கெட மாட்டேன்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் ஸெட்எஸ்டிடி சுருக்கத்தைப் போட்டால் எழுதும் அளவே குறையும், செக்சம் (தரவு மாறியதா என்று சரிபார்க்கும் எண்) இருப்பதால் கார்டு சத்தமில்லாமல் கெட்டுப்போவதும் தெரிந்துவிடும். ஆனால் அது பழையதைத் தொடாமல் புதிதாக எழுதும் வகை என்பதால், அடிக்கடி எஃப்சிங்க் அடிக்கும் டேட்டாபேஸ் மேலே இருந்தால் மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) எழுத்து ஏறிவிடும்.

பல கணினிகளுக்கு மாறி மாறிப் போகும் பென் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, லினக்ஸ் 5.7 முதல் கெர்னலிலேயே நல்ல டிரைவர் இருக்கிறது. ஜர்னல் கிடையாது, அதனால் பாதியில் பிடுங்கினால் உங்கள் பாடு.

படி 5: மவுன்ட் ஆப்ஷன்கள்

இடிசி அடைவில் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து நோஏடைம் சேருங்கள். ஒரு கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கத்தை இது நிறுத்தும். 2009 முதல் லினக்ஸ் ரெல்ஏடைம் என்ற மிதமான முறையைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது, கோப்பு மாறியிருந்தாலோ ஒரு நாள் ஆகியிருந்தாலோ மட்டும்தான் அது நேரத்தைக் குறிக்கும், ஆகவே நோஏடைமால் கிடைக்கும் லாபம் முன்பு சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை. இருந்தாலும் செலவில்லாத லாபம், போட்டுவிடுங்கள். நோடைர்ஏடைம் தனியாக வேண்டாம், நோஏடைமிலேயே அது அடக்கம்.

எக்ஸ்ட்4 இயல்பாக 5 விநாடிக்கு ஒரு முறை ஜர்னலைக் கமிட் செய்யும். கமிட் = 60 என்று போட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை. அவசரமில்லாத எழுத்துகள் சேர்ந்து ஒன்றாகப் போகும், ஆனால் எஃப்சிங்க் கூப்பிடும் நிரலுக்கு இது எதையும் மாற்றாது, அது கேட்ட உடனே எழுதத்தான் செய்யும். பலர் இதைப் போட்டுவிட்டு எழுத்து குறையவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

ஜர்னலையே நீக்கிவிடு, பேரியரை (எழுதும் வரிசையைக் காக்கும் ஏற்பாடு) அணைத்துவிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். திடீரென்று மின்சாரம் போக வாய்ப்பே இல்லாத இடத்தில், போனாலும் பரவாயில்லை என்ற தரவுக்கு மட்டும் அது. மற்ற இடங்களில் கார்டின் ஆயுளைக் காப்பாற்றப் போய்த் தரவைத் தொலைப்பதுதான் நடக்கும்.

படி 6: ட்ரிம்

ஒரு கோப்பை அழிக்கும்போது ஃபைல் சிஸ்டம் தன் கணக்கில்தான் அழிக்கிறது. அந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லாவிட்டால், அது செத்த தரவையும் பத்திரமாக இடம் மாற்றி நகலெடுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சொல்வதுதான் ட்ரிம்.

முதலில் சாதனம் ட்ரிம்மை ஏற்குமா பாருங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையை மைனஸ் பெரிய டி போட்டு ஓட்டினால் டிஸ்க் கிரான், டிஸ்க் மேக்ஸ் என்று இரண்டு பத்தி வரும். இரண்டிலும் பூஜ்யம் என்றால் ட்ரிம் போகாது. எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் போட்டிருக்கும்போது பூஜ்யம் காட்டினால் எஸ்எஸ்டியைக் குறை சொல்ல வேண்டாம், நடுவில் இருக்கும் யுஎஸ்பி பிரிட்ஜ் சிப் அதைக் கடத்தாமல் இருக்கலாம். பெரும்பாலான பென் டிரைவ்களிலும் பூஜ்யம்தான் வரும்.

எண் வந்தால், எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை மைனஸ் ஏ, மைனஸ் வி போட்டு ஒரு முறை கையால் ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு மவுன்டிலும் எவ்வளவு இடம் ட்ரிம் ஆனது என்று சொல்லும். அப்புறம் லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் எஃப்எஸ்ட்ரிம் டைமரை இயக்கிவிட்டால் வாரம் ஒரு முறை தானாக ஓடும். பல டிஸ்ட்ரோக்களில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கும். மவுன்ட் ஆப்ஷனில் டிஸ்கார்டு போட்டு, அழிக்க அழிக்க உடனுக்குடன் ட்ரிம் அனுப்புவதும் உண்டு. சில டிஸ்குகளில் அது கோப்பு அழிப்பை இழுத்தடிக்கும், எக்ஸ்ட்4இல் வாராந்திர டைமரே நிம்மதி. பிடிஆர்எஃப்எஸ்ஸில் மட்டும் கதை வேறு, லினக்ஸ் 6.2 முதல் அதுவே பின்னணியில் ட்ரிம்மைப் பார்த்துக்கொள்கிறது.

லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான லக்ஸ் போட்டிருந்தால் ட்ரிம் இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும். கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்டு சேர்த்தால் திறக்கும். அப்போது டிஸ்கின் எந்தப் பகுதி காலி என்பது வெளியாருக்குத் தெரியவரும், உள்ளடக்கம் தெரியாது. சாதாரண லேப்டாப்புக்கு இது ஏற்கத்தக்க விலை என்பது என் எண்ணம்.

படி 7: எழுத்தைக் குறைப்பது

இரண்டாம் படியில் அளந்தீர்கள் அல்லவா, அதில் மேலே வந்தவர்களைப் பிடிக்க வேண்டியது இங்கே. வழக்கமாக மாட்டுபவர்கள் சிலர்.

லாக். பல கணினிகளில் ஜர்னல்டி, ஆர்சிஸ்லாக் என்ற லாக் எழுதும் நிரல்கள் இரண்டும் ஓடி ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும், ஒன்றை நிறுத்துங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு லாக் தேவையில்லை என்றால் ஜர்னல்டி அமைப்பில் ஸ்டோரேஜ் = வோலடைல் போட்டால் லாக் ரேமிலேயே இருக்கும். ஆனால் கணினி ஏன் உறைந்தது என்று தேடும் நாளில் லாக் இருக்காது. புதிதாக அமைத்த கருவியில் சில வாரம் லாக்கை டிஸ்கிலேயே விட்டுவைத்து, எல்லாம் நிலைத்த பிறகு ரேமுக்கு மாற்றுவது நல்லது. டாக்கர் ஓட்டுபவர்கள் கன்டெய்னர் லாக்குக்கு அளவுக் கட்டுப்பாடு போடுங்கள், இயல்பான ஜேசன் லாக் முறையில் எல்லையே கிடையாது.

எஸ்க்யூலைட். ஒரே கோப்பில் இருக்கும் சின்ன டேட்டாபேஸ். வீட்டு ஆட்டோமேஷன், பிரவுசர், சின்னச் சின்னச் சர்வர்கள் என்று எல்லாமே இதைத்தான் பயன்படுத்துகின்றன. இயல்பான ஜர்னல் முறையில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் தனி ஜர்னல் கோப்பை உருவாக்கி, சிங்க் செய்து, டேட்டாபேஸில் எழுதி, திரும்பச் சிங்க் செய்து, பிறகு ஜர்னலை அழிக்கும். வால் முறைக்கு (மாற்றங்களை முதலில் தனி லாக்கில் சேர்ப்பது) மாற்றி, சிங்கரனஸ் அமைப்பை நார்மல் என்று வைத்தால் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் சிங்க் இல்லை, அந்த லாக்கை டேட்டாபேஸில் சேர்க்கும் செக்பாயின்ட் நேரத்தில்தான். மின்சாரம் போனால் கடைசிச் சில டிரான்சாக்‌ஷன்கள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. நிரல் உங்களுடையது என்றால் நூறு இன்சர்ட்டை ஒரே டிரான்சாக்‌ஷனில் போடுங்கள், அது இன்னும் பெரிய லாபம்.

பிரவுசர். ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருக்கும் டேப்களின் நிலையை 15 விநாடிக்கு ஒரு முறை சேமிக்கும். அமைப்புப் பக்கத்தில் செஷன்ஸ்டோர் இன்டர்வல் என்பதைப் பெரிதாக்கலாம். எஸ்எஸ்டியில் தேவையில்லை, பென் டிரைவில் ஓடும் லினக்ஸுக்குப் பயன்படும்.

தற்காலிக அடைவான டெம்ப்பை டிஎம்பிஎஃப்எஸ்ஸில், அதாவது ரேமில், வைப்பது ரேம் போதுமான அளவு இருந்தால் சரி. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) எஸ்டி கார்டில் வைக்காதீர்கள், ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸெட்ரேம் போடுங்கள். எஸ்எஸ்டியில் ஸ்வாப் இருப்பதில் தவறே இல்லை, எஸ்எஸ்டி என்றால் ஸ்வாப் கூடாது என்பது காலாவதியான பயம்.

எழுதவே தேவையில்லாத கருவி, உதாரணமாக ஒரு தகவல் பலகை, என்றால் ரூட்டை ரீட் ஒன்லியாக வைத்து மேலே ஓவர்லே போட்டுவிடுங்கள். ராஸ்ப்பெரி பையின் அமைப்புக் கருவியில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. எல்லா மாற்றமும் ரேமில், மறுதொடக்கம் செய்தால் பழையபடி. எப்போது வேண்டுமானாலும் பிளக்கைப் பிடுங்கலாம், கார்டு கண்டுகொள்ளாது. அப்டேட் செய்ய மட்டும் ஓவர்லேயை அணைக்க வேண்டும்.

படி 8: விண்டோஸில்

விண்டோஸ் 7 முதல் ட்ரிம் உண்டு. எஃப்எஸ்யூடில் கட்டளையில் டிசேபிள் டிலீட் நோட்டிஃபை என்பதைக் கேட்டால் 0 என்று வர வேண்டும், 0 என்றால் ட்ரிம் இயங்குகிறது. ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பட்டியலில் உங்கள் டிஸ்க் எஸ்எஸ்டி என்று தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், அந்த அட்டவணை வேலையை நிறுத்தாதீர்கள். எஸ்எஸ்டிக்கு ட்ரிம் அனுப்புவதே அந்த வேலைதான். தனி டீஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டாம், ஃபிளாஷில் அது வீண் எழுத்து.

படி 9: தேய்மானத்தைக் கவனித்து வருவது

என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் ஸ்மார்ட்சிடிஎல் கருவி காட்டும் பர்சன்டேஜ் யூஸ்டு என்ற வரியைப் பாருங்கள். டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் என்ற எண்ணை 5,12,000 பைட்டால் பெருக்கினால் இதுவரை எழுதிய மொத்தம். தயாரிப்பாளர் உத்தரவாதம் தரும் டிபிடபிள்யூ எண்ணோடு (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பது) ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது.

இஎம்எம்சி 5.0 முதல், சிஸ் அடைவில் லைஃப் டைம் என்ற கோப்பு இரண்டு எண்களைக் காட்டும். 1 என்றால் ஆயுளில் பத்து சதவீதத்துக்குள் செலவாகியிருக்கிறது, 2 என்றால் பத்து முதல் இருபது, இப்படியே மேலே போகும். கூடவே ப்ரீ இஓஎல் இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும், அதில் 1 இயல்பு, 2 எச்சரிக்கை, 3 வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

சாதாரண எஸ்டி கார்டில் இப்படி எதுவும் கிடையாது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் எம்எம்சி பிழைகள் வரத் தொடங்குவது, ஃபைல் சிஸ்டம் தானாக ரீட் ஒன்லிக்கு மாறுவது, எழுதியதாகச் சொன்ன கோப்பு மறுதொடக்கத்துக்குப் பின் பழைய உள்ளடக்கத்தோடு நிற்பது, இவைதான் அறிகுறி. இந்த மூன்றாவது வந்துவிட்டால் ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு கார்டை மாற்றிவிடுங்கள்.